மூட்டையின் கயிறு

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
10.11.2025

கொல்லிமலை அரியூர் நாட்டில் பலகை ரூம் வாடகைக்கு விடும் ராசப்பன் தம்பிக்கு,

என் பெயர் அத்தாயி. சேலத்தில் மிளகாய் வற்றல் மண்டி நடத்துகிறேன். உங்கள் மலையிலிருந்து மிளகு ஏற்றி வரும் லாரி டிரைவர் மாணிக்கம்தான் உங்களைப் பற்றிச் சொன்னான். உங்கள் போனுக்கு ஆறு முறை அடித்துப் பார்த்தேன். "அவங்க ஊட்டுப் பக்கம் டவரே கெடையாதுங்க. எழுதிக் குடுங்க, கையில சேத்தறேன்" என்றான். எனக்கும் அதுதான் தோது. வாய்ப்பேச்சை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுத்து நிற்கும்.

விஷயம் இதுதான். என்னிடம் ஒரு நாய் இருக்கிறது. எட்டு வயது, செவலை, நாட்டு நாய். ஆந்திராவிலிருந்து வந்த லோடில் இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் கையளவு குட்டியாகக் கிடந்தான். அதனால் மூட்டை என்று பெயர். உடம்பும் இப்போது அப்படித்தான்.

ஆறு மாதமாக அவனுக்கு இருமல். குடோனுக்கு மேல்தான் என் வீடு. ஊசி, மருந்து எல்லாம் ஆயிற்று. கடைசியாகப் பார்த்த டாக்டர், "அம்மா, மருந்தை மாத்திப் பிரயோசனமில்ல. மிளகாய்த் தூசுதான் காரணமான்னு தெரியணும். அஞ்சு நாள் தூசு இல்லாத எடத்துல வெச்சுப் பாருங்க. இருமல் நின்னுச்சுன்னா தூசுதான். அப்புறம் இங்க வெச்சிருந்தா ரொம்ப நாள் தாங்க மாட்டான்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே டிசம்பரில் ஐந்து நாள், நானும் மூட்டையும் உங்கள் ரூமில் தங்க வேண்டும். ஏற்காட்டில் மூன்று இடத்தில் கேட்டுவிட்டேன். நாய் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இருபத்தொன்பது வருஷத்தில் நான் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் கடையை விட்டு இருந்ததில்லை. என் வீட்டுக்காரர் போனபோதே நான்காம் நாள் ஷட்டரைத் தூக்கியவள். இப்போது கேட்கிறேன் என்றால் அவசியம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பதிலை மாணிக்கத்திடமே கொடுங்கள்.

அத்தாயி


அரியூர் நாடு
15.11.2025

அத்தாயி அம்மா அவர்களுக்கு ராசப்பன் எழுதுவதுங்க.

கடுதாசி கிடைத்தது. மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாய் வேண்டாமுங்க. நீங்கள் மட்டும் வருவதாக இருந்தால் எந்தத் தேதியும் சரி.

காரணத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பாக நினைப்பீர்கள். இந்தப் பலகை ரூமைப் பெரிய விடுதி என்று நினைத்துவிடாதீர்கள். பத்துக்குப் பத்து, தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் மிளகுக்கொடி உள்ளே எட்டிப் பார்க்கும். என் மகள் கலைச்செல்வி படம் எடுத்துப் போனில் போட்டதிலிருந்து ஆள் வருகிறார்கள். போன தையில் ஒரு குடும்பம் வந்தது. பெரிய நாய், உடம்பெல்லாம் மயிர், வயசானது. மூன்றாம் நாள் காலையில் "நாய் எங்கயோ ஓடிப்போயிருச்சுங்க, கெடச்சா நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். நானும் நம்பித் தேடினேன். மத்தியானம் கிடைத்தது. ஓடை ஓரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் கயிறு இல்லை. பக்கத்திலும் இல்லை.

ஓடிப்போன நாய் கயிற்றோடு அல்லவா ஓடும்? கயிற்றை அவர்கள் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லைங்க. கார் போன வளைவிலேயே இருந்தது. என் வீட்டுக்காரி பொன்னம்மாள் அங்கேயே கொண்டுபோய்க் கஞ்சி வைப்பாள். சித்திரை மழை வரைக்கும் உயிரோடு இருந்தது.

அதற்குப் பிறகும் வாசலூர்பட்டி ஏரிப் பக்கம் யாரோ இறக்கிவிட்டுப் போன இரண்டு நாய்கள் எங்களிடம்தான் சாப்பிடுகின்றன. கீழே இருப்பவர்களுக்கு மலை என்றால் வேண்டாததைக் கொட்டும் இடமாகிவிட்டது. உங்களைச் சொல்லவில்லை. ஆனால் உங்களை எனக்குத் தெரியாது பாருங்க.

கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ராசப்பன்


செவ்வாய்ப்பேட்டை
18.11.2025

ராசப்பன் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். கோபம் இல்லை. என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையின் வாயைத் திறந்து மேலாகப் பார்த்து மிளகாய் வாங்க மாட்டேன். அடித் தையலைப் பிரித்துக் கீழே இருந்து ஒரு கை அள்ளிப் பார்ப்பேன். நல்லதை மேலே வைத்து, நமுத்ததை அடியில் வைப்பதுதான் உலக வழக்கம். நீங்கள் உங்கள் அடிச்சரக்கை முதல் கடிதத்திலேயே காட்டிவிட்டீர்கள். கேட்டதும் "கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன். வேண்டாம் என்றீர்கள். அதனால் இனி உங்கள் இடம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாடகையைக் கூட்டித் தருகிறேன் என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு மரியாதை இல்லை என்று தெரியும். என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போடுங்கள். ஏற்றுக்கொள்கிறேன். கோழி இருந்தால் கட்டி வைக்கிறேன். கோழியை அல்ல, அவனை. வாடகைக் காரில் வருவோம். எழுபது வளைவிலும் அவன் வாந்தி எடுத்தால் எழுபது இடத்திலும் நிறுத்தித் துடைப்பேன். கோணிச்சாக்கு என்னிடம் நிறைய இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது அவன் என் காலடியில் படுத்திருக்கிறான். முதல் பக்கம் முடிவதற்குள் நான்கு தரம் இருமினான். இருமி முடித்ததும் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல என்னை நிமிர்ந்து பார்க்கிறான். அதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மறுபடியும் வேண்டாம் என்று எழுதினால் நானும் மறுபடியும் எழுதுவேன். மாணிக்கத்துக்குத்தான் அலைச்சல்.

அத்தாயி


அரியூர் நாடு
24.11.2025

அத்தாயி அக்காவுக்கு,

மாணிக்கம் கடுதாசியை நீட்டும்போதே, "ஏனுங்க, ஒத்துக்கிறதா இருந்தா இப்பவே ஒத்துக்குங்க. அந்தம்மா மிளகாய் வெலையவே ஒரு ரூபா எறக்காம எந்திரிக்காது. எனக்கு இந்தக் கடுதாசி சொமக்கிற வேலையே பொழப்பாப் போயிரும்" என்றான். பொன்னம்மாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த இருமல் பத்தியைக் கேட்டுவிட்டு, "வரச் சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்ன பிறகு நான் எதைச் சொல்ல?

டிசம்பர் எட்டாம் தேதி வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாய் வெளியே இருக்கக் கூடாது. கரடி வரும். ஓடைக்கு அந்தப் பக்கம் எங்கள் சாமி இருக்கிறது. அங்கே நாங்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். நாயை அங்கே விடக் கூடாது. கம்பளி இரண்டு கொண்டு வாங்க.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். எங்களில் மாடு விற்றால் மாட்டைத்தான் கொடுப்போம், கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய கயிறு எங்கள் வீட்டிலேயே தங்கும். உங்கள் பக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆகக் கயிறு ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமும் போனால், கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

நீங்கள் வந்ததும் மூட்டையின் கயிற்றை எங்கள் வாசல் நிலையில் இருக்கும் ஆணியில் மாட்டிவிடுங்க. ரூமைச் சுற்றி வேலி போட்டிருக்கிறேன், அதற்குள் கட்டாமலே திரியட்டும். போகிற நாளில் நாயைக் கூட்டி வந்து, அதன் கழுத்தில் பூட்டி, கயிற்றையும் நாயையும் சேர்த்து எடுத்துப் போங்க. வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

ராசப்பன்


அரியூர் நாடு
29.12.2025

அத்தாயி அம்மா அவர்களுக்கு,

இந்தக் கடுதாசியை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு வாரம் பொறுத்தேன்.

நீங்கள் போன அன்றைக்கு நான் செம்மேடு சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பொன்னம்மாள் சொன்னாள். காலையில் மாணிக்கம் வந்து, உங்கள் குடோன் கூரைத் தகரம் காற்றில் பிய்ந்து வற்றல் நனைகிறது என்றானாம். அவன் லாரி லோடு ஏற்றிக் கிளம்ப ராத்திரி ஆகும். உங்கள் கார் மறுநாள்தான் வரும். அதனால் பத்து மணி பஸ்ஸுக்கு ஓடினீர்களாம். கண்டக்டர் "நாய ஏத்த முடியாதுங்கம்மா" என்று சொல்லிவிட்டான். "பொன்னு, ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கிறேன், இவன பாத்துக்க" என்று சொல்லி ஏறிவிட்டீர்கள்.

அதுவரைக்கும் சரிதானுங்க. ஆபத்துக்கு யாரும் என்ன செய்ய முடியும். ஆனால் நான் வீட்டுக்குள் நுழையும்போது நிலையைப் பார்த்தேன். ஆணி வெறுமனே இருந்தது.

"கயிறு எங்க?" என்று கேட்டேன். "அவங்க கையில சுத்தியிருந்தாங்க. பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போகையில பூட்டுனாங்க, ஏத்த முடியாதுன்னதும் கழட்டிட்டாங்க" என்றாள். பாவம், அவளுக்கும் சொல்லும்போதுதான் உறைத்தது.

ஒரு ஞாயிறு போனது. இரண்டாவது ஞாயிறும் போனது. நேற்று மூன்றாவதும் போனது. ஒரு வரிகூட இல்லை. மாணிக்கத்தைக் கேட்டால் "கடையிலதான் இருக்காங்க" என்கிறான்.

உங்கள் நாய்க்கு இருமல் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வந்த மூன்றாம் நாளே நின்றது, பிறகு ஒரு தரம்கூட இல்லை. ஆனால் பத்து மணி பஸ் சத்தம் கேட்டால் வேலிக்கு அடியில் நுழைந்து வளைவுக்குப் போய்விடுகிறது. பஸ் நின்றால் எழுந்து நிற்கிறது. முன் வாசலைப் பார்க்கிறது, பின் வாசலைப் பார்க்கிறது. பஸ் போனதும் உட்காருகிறது. கஞ்சியில் பாதி மீதம்.

முன்பு வந்தவர்களாவது ஓடிப்போய்விட்டது என்று பொய் சொன்னார்கள். நீங்கள் அதுகூடச் சொல்லவில்லை.

ராசப்பன்


செவ்வாய்ப்பேட்டை
1.1.2026

ராசப்பன் தம்பிக்கு,

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் இஷ்டம்.

அன்று கயிற்றைக் கழற்றியது யோசித்துச் செய்ததில்லை. எட்டு வருஷமாக அவனை அவிழ்த்துவிட்டால் கயிறு என் கையில் சுற்றிக்கொள்ளும். கை தானாகச் செய்துவிட்டது. பஸ் காரவள்ளியில் மலை இறங்கி நின்றபோதுதான் மணிக்கட்டில் கயிறு இருப்பதைப் பார்த்தேன். அங்கேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் மேலே வந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். நினைத்தேன். நனைகிற வற்றலும் நினைவுக்கு வந்தது. இறங்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே வர முடியாத நிலை. நனைந்த சரக்கை மொட்டைமாடியிலும் தெருவிலும் காயப் போட்டுக் காவல் இருந்தேன். இரண்டாவது ஞாயிறு எனக்கு ஒரு வேலையும் இல்லை. கார் சொல்லியிருந்தேன், டிரைவர் வாசலில் வந்து நின்றான். நான் செருப்பைப் போட்டேன். அப்போது என் மகன் வேல்முருகன் சொன்னான்: "எதுக்கும்மா மறுபடியும் கூட்டிட்டு வந்து இந்தத் தூசுல போடறே? அங்க நல்லா மூச்சு விடறான். அவங்களும் நல்ல மனுசங்க. விட்டுரு. அதுதான் அவனுக்கு நல்லது."

தம்பி, அவன் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. அதைத்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் இருமல் சத்தம் இல்லாமல் நான் நன்றாகத் தூங்கினேன். எனக்கு நிம்மதி, அவனுக்குக் காற்று, உங்களுக்கு இரண்டோடு மூன்றாவதாக ஒன்று. கணக்கு எல்லாப் பக்கமும் நேராக வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவரை அனுப்பிவிட்டேன். உங்கள் ரூமுக்கு வந்த அந்தக் குடும்பமும் இப்படித்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். "மலைல நல்லா இருக்கும்." நான் அவர்களைவிட எந்த விதத்தில் மேல்? அவர்கள் மூன்று நாளில் செய்ததை நான் இரண்டு வாரத்தில் செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதம் வந்த அன்று மத்தியானம் கடையில் வைத்துப் படித்தேன். முன் வாசலைப் பார்க்கிறது, பின் வாசலைப் பார்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். ஒரு வியாபாரி எதிரில் உட்கார்ந்திருந்தார். "கண்ணுல என்னம்மா?" என்றார். மிளகாய் மண்டியில் அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலமே வேல்முருகனைக் கூப்பிட்டேன். "அவன கொண்டு போய் விடறது சுலபம். மிளகாய கொண்டு போய் விடறதுதான் கஷ்டம். கஷ்டமானதச் செய்யலாம்" என்றேன். "ஒரு நாய்க்காக குடோன மாத்துவியா?" என்றான். "மூச்சு அவனுக்குத்தான் போகுதுன்னு நெனைக்கிறயா? ராத்திரி நீ இருமறது எனக்குக் கேக்கலையா?" என்றேன். மறுநாள் அவனே ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கம் ஒரு ஷெட் பார்த்துவிட்டு வந்தான். இனிமேல் வீட்டுக்குக் கீழே ஒரு வற்றல்கூட இருக்காது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். பிறகு சுவரைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இருபத்தொன்பது வருஷத் தூசு தம்பி, ஒரு வாளித் தண்ணீரில் போகாது. பொங்கல் வரை ஆகும்.

அதுவரைக்கும் என் பேச்சை நம்பச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அதனால் கயிற்றை அனுப்பியிருக்கிறேன். மாணிக்கம் தருவான். பழைய இடத்தில் மாட்டுங்கள். மாட்ட மனமில்லை என்றால் அவனிடமே திருப்பி அனுப்புங்கள். நாய் உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறேன். சண்டைக்கு வர மாட்டேன்.

பொன்னம்மாளிடம், நான் அவளை ஏமாற்றியதாக அவள் நினைத்த அந்த நேரத்துக்கு என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

அத்தாயி


அரியூர் நாடு
7.1.2026

அத்தாயி அக்காவுக்கு,

கயிறு வந்தது.

மாணிக்கம் லாரியை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து எடுத்தான். வளைவில் உட்கார்ந்திருந்தவன் அங்கிருந்தே எப்படித்தான் கண்டானோ, ஓடிவந்து மாணிக்கத்தின் மேலேயே ஏறிவிட்டான். "அட சாமி, நான் இல்லடா உன் ஆளு, கீழ எறங்கு" என்று மாணிக்கம் கத்த, இவன் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு போய்ப் பலகை ரூம் படியில் போட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டான். அன்று கஞ்சியை மீதம் வைக்கவில்லை.

நீங்கள் ஒளிக்காமல் எழுதினீர்கள். நானும் எழுதிவிடுகிறேன். கயிற்றை உடனே ஆணியில் மாட்டவில்லை. அவன் எழுந்ததும் எடுத்து இரண்டு நாள் பரணில் வைத்திருந்தேன். கோபத்தில் கடுதாசி எழுதினேனே தவிர, அதற்குள் அவன் எங்களுக்குப் பழகிவிட்டான். காலையில் மிளகுக்கொடி பார்க்கப் போனால் கூடவே வருகிறான். ஏணிக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் இறங்கும்வரை எழுவதில்லை. திருப்பி அனுப்புங்கள் என்று நீங்களே வழி சொல்லிவிட்டீர்கள். மாணிக்கம் மறுபடி வருவதற்குள் முடிவு செய்தால் போதும் என்று இருந்தேன்.

பொன்னம்மாள்தான், "பத்து மணிக்கு வளைவுக்குப் போறவன் நம்மளுதா?" என்று கேட்டாள். அவளே பரணில் ஏறி எடுத்துக்கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டாள். இப்போது அங்கேதான் தொங்குகிறது.

மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் மாடுகளுக்கெல்லாம் புதுக் கயிறு மாற்றுவோம். இந்த ஒன்றை மாற்ற மாட்டோம். நீங்கள் வரும்போது கடையில் அழகாக இருக்கிறது என்று புதுக் கயிறு எதுவும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். புதுக் கயிறு கொண்டுவருகிறவர் விலைக்கு வாங்க வருகிறவர். சொந்தக்காரர் வெறுங்கையோடுதான் வர வேண்டும்.

ராசப்பன்


செவ்வாய்ப்பேட்டை
13.1.2026

ராசப்பன் தம்பிக்கும் பொன்னம்மாளுக்கும்,

கடைசி மூட்டை நேற்று வெளியே போனது. சுண்ணாம்பு காய்ந்துவிட்டது. இன்று காலை கீழே வெறும் தரையில் பாயை விரித்து ஒரு மணி நேரம் படுத்திருந்து பார்த்தேன். மூக்கில் கார நெடி இல்லை. வேல்முருகனையும் படுக்க வைத்தேன். சிரித்தானே தவிர இருமவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வருகிறேன். அவனைக் கூட்டிப்போக வாடகைக் கார் பின்னால் காலியாக வரும். நான் அதில் ஏற மாட்டேன். காரவள்ளியிலிருந்து ஏறி வந்து பத்து மணிக்கு உங்கள் வளைவில் நின்று திரும்பும் அந்த பஸ்ஸில்தான் வருவேன். அன்றைக்கு அவனைப் பிடித்து வைக்காதீர்கள், வளைவுக்குப் போகட்டும்.

முன் வாசல் வழியாக இறங்குவேன். வெறுங்கையோடு.

அத்தாயி